அம்பிட்டியக் காணியில் பட்ட கல்

புதன் இரவு. மழை விட்டபாடில்லை.

என் கூடப்பிறந்த ராத்தாவும் மச்சானும் வீடு கட்ட வாங்கிய அம்பிட்டியக் காணியில் இன்று மண் பரிசோதனை. மண் பரிசோதிப்பதுதான் என் தொழில்; நம் வீட்டு வேலை என்பதால் துளையிடும் மெஷினோடு நானே போனேன். முதல் குழியில் ஆளுயரம்கூட இறங்கவில்லை, கல் பட்டது. அடியில் பாறை இருக்கிறதென்று மச்சான் "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லி எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். ராத்தா அப்போதே சமைக்கிற குசினி எந்தப் பக்கம் என்று கை காட்டத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு குழி போடச் சொன்னேன்.

"கல்லு பட்டிச்சி தானே தம்பி, இனி என்னத்துக்கு?" என்றார் மச்சான்.

இரண்டாவதில் கல்லே இல்லை. துளைக்கும் கம்பி இளகிய மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது. அப்படியென்றால் முதலில் பட்டது பாறை இல்லை. எப்போதோ மலைச்சரிவின் மேலிருந்து சரிந்த மண்ணோடு உருண்டு வந்து புதைந்த கல். ஒருமுறை சரிந்த இடம் மறுபடியும் சரியலாம். சொன்னேன். மச்சான் மிச்சப் பேரீச்சம்பழத்தை மூடி வைத்துவிட்டார். வான் வண்டியில் ஏறும்போது ராத்தா மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நம்மட வாப்பாட வீட்டுக்குக் கீழ ஈக்கிற கல்லு?"

"அது பாறைதான்" என்று சொல்லிவிட்டேன்.

வாப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வதும் அதைத்தான். அத்திவாரம் வெட்டும்போது கல் பட்டதாம், அதோடு நிறுத்தினார்களாம். பக்கத்தில் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

உம்மாவும் வாப்பாவும் கீழறையில் தூங்குகிறார்கள். மெஷின் நாளை வரைக்கும் வாசலில்தான் நிற்கும். வீட்டின் பின்பக்கம், சரிவுக்கு அடியில் ஒரு குழி போட்டுப் பார்க்கலாம். வாப்பாவிடம் என்னவென்று சொல்லி அந்தக் குழியைப் போடுவது?