சேவ் ஆன இடம்

வியாழன், இரவு.

சச்சின் பொய் சொல்லவில்லை.

என் கீழே வேலை பார்க்கிற பையன். மூன்று வாரமாக என்ன செய்தாய் என்று காலையில் எல்லார் முன்னாலும் அவனிடம் இந்தியில் கேட்டேன். "மேடம், ரோஜ் சேவ் கியா" என்றான். தினமும் சேவ் செய்தானாம். அதே கம்ப்யூட்டரில் என் லாகினில் திறந்தால், அவன் கை வைப்பதற்கு முன்பிருந்த பழைய புரோகிராம்தான் வந்தது. மேனேஜர் சுந்தரம் சார், "வேலையே செய்யலைங்க, எழுதிப் போட்டுருங்க" என்றார். எச்.ஆருக்கு எழுதிப் போட்டேன்.

மாலையில்தான் உறைத்தது. அவன் புரோகிராம் எழுதுகிற மென்பொருள் பழையது, எதைச் சேவ் செய்தாலும் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். புதுக் கம்ப்யூட்டரில் அங்கே எழுத சச்சினுக்கு அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் அதைச் சொல்லித் தொலைக்கவில்லை. அவன் லாகினுக்கு மட்டும் தெரிகிற ஒரு மறைவான ஃபோல்டரில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறது. மூன்று வார வேலையும் அங்கே பத்திரமாக இருந்தது.

அனுமதி கொடுத்திருக்க வேண்டியவள் நான். ஒரே ஒரு டிக்.

வீடு இருக்கிற வாகட் வரும்வரை பஸ்ஸில் அவன் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நாளை பத்து மணிக்கு எச்.ஆர். அவனைக் கூப்பிட்டிருக்கிறது.

தப்பு என்னுடையது என்று மெயில் அடித்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. அதுவும் சேவ் ஆகித்தான் இருக்கிறது, எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில்.