ஒரே தட்டு

மார்ச் 3, திங்கள்
மகள் இன்று வேலைக்குச் சேர்ந்தாள். வந்ததும் வராததுமாகக் குண்டைப் போட்டாள். அலுவலகத்தில் வெள்ளிதோறும் எல்லாரும் வெளியே சாப்பிடுவார்களாம், வாரம் ஒரு நாட்டுச் சமையல். இந்த ஊரில்தான் உலகமே அடுப்பு மூட்டி வைத்திருக்கிறதே! வேர்க்கடலை ஒரு துணுக்குப் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சடைக்கும் பிள்ளை. "மூச்சடைச்சா போட்டுக்கிற ஊசி பையிலயே இருக்கும்மா" என்கிறாள். சின்ன வயதில் உதடு நீலமாகி என் மடியில் கிடந்தாளே, அதெல்லாம் எனக்கு மட்டும்தான் ஞாபகமா?

மார்ச் 6
தூக்கமே இல்லை. "நீ பயந்து பயந்தே அவளையும் பயந்தாங்கொள்ளி ஆக்கிடுவ" என்கிறார் இவர். அவள் நீலமாகிக் கிடந்த அன்றைக்கு ஊரில் இல்லாதவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 7, வெள்ளி
தாய்லாந்துக் கடையாம். கடலை தூவாமல் அங்கே ஒரு தட்டு வெளியே வருமா? மத்தியானம் போன் போட்டால், "உயிரோடதான் இருக்கேன்" என்று சிரிப்பு வேறு. திமிர். வைத்துவிட்டு அழுதேன்.

மார்ச் 13, வியாழன்
நாளை எத்தியோப்பியக் கடை. பெரிய தட்டு ஒன்றை நடுவில் வைத்து எல்லாரும் கைவிட்டுச் சாப்பிடுவார்களாம். ஐயோ, யார் கையில் என்ன ஒட்டியிருக்குமோ! மானம் போனால் போகட்டும் என்று அந்தக் கடைக்கே போய் விசாரித்தேன். சமையல்காரர் சொன்னார்: "இங்க கடலையே சேர்க்கிறதில்லைங்க. நேத்து ஒரு பொண்ணும் இதையேதாங்க கேட்டுச்சு. எண்ணெய் டின்னக் கூடத் திருப்பித் திருப்பிப் படிச்சுது. பாவம்." குட்டை முடி, கண்ணாடி, மஞ்சள் பை என்றார்.

என் பிள்ளைதான்.

மார்ச் 14, வெள்ளி
சாயங்காலம் வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் குழம்புச் சட்டியைத் திறந்தாள். "மத்தியானம் சாப்பிடலையாடி?" என்றேன். "சாப்பிட்டேனே." பார்த்துக்கொண்டே நின்றேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "போன வாரமும் தண்ணி மட்டும்தான் குடிச்சேன். பயமா இருக்கும்மா. சொன்னா நீ வேலையையே விடச் சொல்லுவ." உண்மைதான், சொல்லியிருப்பேன். கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம்.

மார்ச் 15, சனி
நானும் அவளும் அதே கடைக்குப் போனோம். தட்டு வந்தது. அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். ஊசியை மேசைமேல் எடுத்து வைத்தேன். "நான் இருக்கேன்டி" என்று தட்டிலிருந்த அப்பத்தில் ஒரு வாய் பிய்த்து என் கையாலேயே ஊட்டினேன். பெற்றவளே ஊட்டுகிறேனே, ஏதாவது ஆகிவிட்டால்?

மென்றாள். விழுங்கினாள். அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு நேரமோ.

"அம்மா, காரம் பத்தலை" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.