தண்ணீர் குடிக்கப் போனவன்

பாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஆசிக்குக்கு,

டில்லிபாபு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலமும் பிள்ளைகளும் சுகம். தோஹாவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் கத்துகிறேன், உனக்குக் காது வலிக்கிறது, டீம் விஷயத்தை நிதானமாக எழுதி அனுப்பு என்று கேட்டாய். இதோ எழுதுகிறேன். எழுத்தில் எனக்குக் கத்தத் தெரியாது, உன் காது பிழைத்தது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கண்ணில் புரை எடுக்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கூட்டிப் போகிறேன், நீ லீவு கேட்டு அலையாதே. உன் வீட்டில் ஷர்மிளா தங்கச்சி கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியிருந்தது. மூன்றாவது மாடிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் டீயும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி டீம். நீ போன பிறகு நம் பாடி பிரண்ட்ஸ் புட்பால் டீமை எடுத்துக்கொண்டது ஜெபா மேடம். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கோச்சிங் லைசென்ஸ் வாங்கியவர். இத்தனை வருஷமாக நீ எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை வந்த முதல் நாளே மூட்டை கட்டிவிட்டார். ஆளுக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் வேண்டாமாம். அவரவர் இடத்தைக் காக்க வேண்டுமாம். "உங்க ஆள் போனா போகட்டும் டில்லி, உங்க இடம் போகக் கூடாது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ என்ன சொல்லி வளர்த்தாய்? "உன் ஆளு தண்ணி குடிக்கப் போனாக்கூட நீ பின்னாலயே போவணும்டா" என்றுதானே? மேட்சுக்கு முன்னால் நம் பின்வரிசைக்காரர்கள் அவனவன் ஆளுக்குக் கை கொடுத்துப் பெயர் கேட்டுக்கொள்வோமே, அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கிரவுண்டில் கோலமாவால் கட்டம் கட்டமாகப் போட்டார். வேம்புலி அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமே, ஆட வந்தமா, எவன் ஊட்டு வாசலுக்காச்சும் வந்துட்டமா?" என்றான். அவன் பாடு அதைவிடத் திண்டாட்டம். கோலில் நின்று அவன் உதைத்தால் பந்து ஆவடிக்கே போய்விடும் என்று பெருமை பேசுவோமே, அப்படி உதைக்கவே கூடாதாம். பக்கத்தில் நிற்பவனுக்கு உருட்டித் தர வேண்டுமாம். முதல் இரண்டு மேட்சிலும் எதிராளி காலுக்கே உருட்டிக் கொடுத்து, கோல் வாங்கி, கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். வீட்டில் அஞ்சலை அண்ணிதான் திட்டித் திருப்பி அனுப்பினார்.

கயிற்றுக் கதையைக் கேள். பின்வரிசை நான்கு பேரின் இடுப்பிலும் துணி காயப்போடுகிற கயிற்றைக் கட்டி, ஒரே வரிசையாக நகரச் சொன்னார் மேடம். பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் ஓரமாக ஓடினான். அவ்வளவுதான், நான் அவன் பின்னால் பாய்ந்தேன். ஜெகன் விழுந்தான், அவன் மேல் மற்ற இரண்டு பேரும் விழுந்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கயிற்றைத் திரும்பக் கட்டினார்.

ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைப்பதற்கில்லை. அந்த ஆட்டம் பிடிபட்டுவிட்டது, ஆசிக். வேம்புலி உருட்டுகிறான், பந்து கால் கால் மாறி மேலே போகிறது, நாங்கள் நாயாக ஓடுவது பாதியாகக் குறைந்துவிட்டது. தொடர்ந்து ஜெயித்து பைனலுக்கு வந்துவிட்டோம். பாரிவாக்கம் டீமோடு ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் மேல் டிவிஷனுக்குப் போகலாம். நம் டீம் ஒருநாளும் ஏறாத படி அது. ஏறினால் பிளேன் பிடித்து வந்து எல்லோருக்கும் பிரியாணி போடுவேன் என்றாயே, மறந்துவிடாதே.

என் பயம் ஒன்றுதான். உடம்பில் தெம்பு இருக்கும்வரை என் இடத்தில் நிற்கிறேன். களைத்துவிட்டால் பழைய கால் வந்துவிடுகிறது. எவன் நகர்ந்தாலும் அவன் பின்னால் போகிறது, எனக்கே தெரிவதில்லை. மேடத்துக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும். பசங்களிடம் சொல்லவில்லை. வைத்தியம் ஏதாவது இருந்தால் சொல்.

உன் முட்டியைப் பார்த்துக்கொள். அல்லா உனக்குக் குறை வைக்க மாட்டார்.

என்றும் உன்,
டில்லி

பாடி,
திங்கள் காலை

ஆசிக்குக்கு,

டில்லிபாபு எழுதுவது. போன கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. போன் செய்தால் கத்திவிடுவேன் என்பதால் இதையும் எழுதுகிறேன். கத்தலாம் என்றுதான் நேற்றிலிருந்து கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

நேற்று அம்பத்தூரில் பைனல் நடந்தது. தோற்றுவிட்டோம். உனக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆனாலும் நான் சொல்வதையும் ஒருமுறை கேள்.

முக்கால்வாசி ஆட்டம் நம் கையில்தான் இருந்தது. வேம்புலி ஒரு பந்தைக்கூடத் தவறாக உருட்டவில்லை. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் அருள் என்று ஓர் இளவட்டம், நல்ல வேகம். இந்தப் பக்கம் ஓடினான், அந்தப் பக்கம் ஓடினான், நான் என் இடத்தை விட்டு அசையவில்லை. ஓரத்திலிருந்து மேடம் கைதட்டினார். இருபக்கமும் கோல் இல்லை. இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்று எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். வெயில் மண்டையைப் பிளந்தது, எனக்குத் தொடை இழுத்துக்கொண்டது. பந்து எங்கேயோ அந்தப் பக்கம் இருந்தது. அருள் ஓடவில்லை. சும்மா நடந்தான். கோட்டோரத்தில் அவனுக்கென்றே ஒரு பாட்டில் வைத்திருந்தார்கள். நடந்து போய் அதை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

நான் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஆசிக்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ஜெகன் என் பெயரைச் சொல்லிக் கத்தியது காதில் விழுந்தபோதுதான் திரும்பினேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் யாருமே இல்லை. அந்த வெற்றிடம் வழியாக அவர்கள் ஆள் ஒருவன் நேராக உள்ளே போய் அடித்துவிட்டான். வேம்புலி பாய்ந்தும் எட்டவில்லை. அருள் பாட்டிலை மூடிக் கீழே வைத்தான். சிரிக்கக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டான்.

பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஓட்டம் காட்டி என்னை இழுப்பது யாருக்கும் தோன்றும். தண்ணீர் குடிக்கப் போவது உன் மண்டையில் மட்டும்தான் தோன்றும். அதுவும் நான் களைக்கும்வரை பொறுத்திருந்து செய்தார்களே, அது நான் கைப்பட எழுதி உனக்கு அனுப்பியது.

இருந்தாலும் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனே தேடிக்கொண்டு வந்தான். "கோச்சிக்காத அண்ணாத்தே. ஆசிக் சார்தான் போன்ல சொன்னாரு. அவன் டயர்டான அப்பால தண்ணி குடிக்கப் போ, பின்னாலயே வருவான்னாரு. எனக்கே ஒருமாரி ஆயிட்ச்சு" என்றான். அடுத்த வருஷம் நீ ஊருக்கு வந்ததும் அவர்களுக்குத்தான் கோச் என்பதையும் அவன்தான் சொன்னான். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தானாம்.

நீ அவர்களுக்குக் கோச் ஆவதில் எனக்கு என்ன வந்தது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், மாலைகூட வாங்கி வந்திருப்பேன். நம் ஆட்டத்தை உன்னிடம் எழுதாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். நீயோ நிதானமாக எழுது, நிதானமாக எழுது என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். இந்தக் காலை இப்படிப் பழக்கியவன் நீ. அதையே எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டாய். வேறு யார் செய்திருந்தாலும் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பேன். உன் சட்டை எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

வேம்புலி என்னோடு பேசுவதில்லை. "தண்ணி குடிக்கிறவனை வேடிக்கை பாக்கவா உன்னை நிக்க வெச்சோம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். கிளப் ரூமில் உன் போட்டோ இன்னும் மாட்டியிருக்கிறது, போன வாரம்தான் ஜெகன் துடைத்து வைத்தான். அதன் கீழே உட்கார்ந்துகொண்டுதான் அத்தனையும் கேட்டேன். இது உன் வேலை என்று கமலத்திடம்கூடச் சொல்லவில்லை. மேடம் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாறிடும் டில்லி, கொஞ்சம் நாள் ஆகும்" என்றார். நாளையிலிருந்து மறுபடியும் கயிறு கட்டப் போகிறோம்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சொன்னபடி நான்தான் கூட்டிப் போகிறேன், கட்டு அவிழ்க்கும்வரை பார்த்துக்கொள்கிறேன். அதையும் இதையும் நான் கலக்க மாட்டேன். ஷர்மிளா தங்கச்சிக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஊருக்கு வருவதற்கு முன்னால் வேம்புலிக்கு நீயே ஒரு போன் போட்டு, செய்ததைச் சொல்லிவிடு. நான் சொன்னால் அவன் அந்தப் போட்டோவை உடைத்துவிடுவான். நீ சொன்னால் ஒருவேளை கழற்றி மட்டும் வைப்பான்.

அங்கே வெயில் கடுமை என்கிறார்கள். வெறும் வயிற்றோடு கிரவுண்டில் நிற்காதே. நேரத்துக்குத் தண்ணீர் குடி. நான் பின்னால் வர மாட்டேன்.

இப்படிக்கு,
டில்லிபாபு