விமான் நகர் வீட்டைக் காலி செய்கிறோம்

கிளாரிசா தாத்தாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே விமானங்கள் மொட்டை மாடியை உரசுவதுபோல் போகின்றன. அப்போதெல்லாம் வீடே மேகத்துக்குள் மிதக்கிறது. நம் பேத்தி சன்னலோரம் தூங்கிக்கொண்டே இருக்கிறாள்.

இன்று வீட்டுக்காரம்மா வந்தாள். "ஆறு மாசம் முடியறதுக்கு முன்னாடி காலி பண்ணக் கூடாதுன்னு ஒப்பந்தம், பாட்டிம்மா. உங்க பேத்தி புருஷனும் கையெழுத்துப் போட்டிருக்காரே, கூப்பிடுங்க" என்றாள்.

"அவர் வரமாட்டார். என் பேத்தி போகத்தான் போறா" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் நிமிர்ந்தே சொன்னேன்.

கிளாரிசா டீ கொண்டுவந்தாள். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. தம்ளரை நீட்டும்போது சட்டைக்கை மேலேறிவிட்டது. வீட்டுக்காரம்மா அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"உன் கையெழுத்து மட்டும் போதும், மகளே. போறவரைக்கும் பயப்படாதே, பூட்டை இன்னைக்கே மாத்திடறேன்" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ரயிலேறுகிறோம். வந்ததும் அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். தூங்கட்டும்.

உங்கள் அன்பு மனைவி