பதினாலாம் நம்பர் போரின் கடைசி நாலு பை

அண்ணே,

உங்கள் சாம்பிள் பை ஒன்று என் மேஜையில் இருக்கிறது. பிரித்து ஒரு வாரமாகியும் அறையில் கல்தூள் வாடை போகவில்லை. பையின் மேல் உங்கள் கையெழுத்து: போர் 14, 300 அடி.

ஆபீஸில் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது. துளையிட்ட ஆழம், எடுத்த சாம்பிள், பாறை விவரம் எல்லாம் அதற்குள் போக வேண்டும். பழைய எக்செல் தாள்களை ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஏதாவது பொருந்தாவிட்டால் சிவப்புக் கட்டம் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், கெஞ்சினாலும் நகராது. அன்னவாசல் பக்கம் பாறை பார்க்க நீங்கள் துளையிட்ட பதினாலாம் நம்பர் போரில் அப்படித்தான் நின்றது. என் தாளில் போரின் ஆழம் 225 அடி. உங்கள் பைகளோ இருபது அடிக்கு ஒன்றாக முந்நூறு வரை.

பல வருஷத்துக்கு முன் இதே கணக்குக்காக நடந்த சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "இல்லாத ஆழத்துல இருந்து தூளு எப்படிய்யா வந்துச்சு? கடைசி நாலு பையை எங்கிட்டு அள்ளுன?" என்று ஜியாலஜிஸ்ட் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"முந்நூறு அடி போட்டேன் சார். வேற என்ன சொல்றது?" என்றீர்கள்.

குழியை அதற்குள் மூடியிருந்தார்கள், அளந்து பார்க்க வழியில்லை. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். டீ குடிக்கப் போனால் எனக்கும் சேர்த்து வடை வாங்கி வருகிற மனிதர். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து நீங்கள் வேலைக்கு வரவில்லை. அரிமளத்தில் போர்வெல் லாரிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். போன வருஷம் மாரடைப்பில் நீங்கள் போனபோது மாலையோடு வந்தேன். அப்போதும் அந்த நாலு பை உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

இந்த சாஃப்ட்வேர் ஆழத்தை நேராக வாங்காது. துளைக்கும் இரும்புத் தண்டான ராடு எத்தனை இறங்கியது, ஒரு ராடு எத்தனை அடி என்று தனித்தனியாகக் கேட்கும். ஆபீஸில் கிடந்த உங்கள் டைரியில் பதினைந்து ராடு என்று இருந்தது. நீளத்துக்காகப் பழைய ஃபைலைப் புரட்டினேன். அந்த வாரம் துளையிடும் நம் மெஷின், அந்த ரிக், ரிப்பேரில் கிடந்து, வாடகை ரிக் ஓடியிருக்கிறது. அதன் சீட்டில் ராடு இருபது அடி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நம் ராடு பதினைந்து அடி. பழக்கதோஷத்தில் பதினைந்தால் பெருக்கி 225 என்று போட்ட புத்திசாலி நான்தான் அண்ணே.

இருபது என்று மாற்றினேன். சிவப்பு போய்விட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வந்தது நிம்மதி. நீங்கள் ஏமாற்றவில்லை. திருத்தத்துக்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. "டிரில்லர் சொன்னது சரி, நான் போட்ட கணக்குத்தான் தவறு" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அதில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாதாம். நல்லதாகப் போயிற்று.

மறுநாளே பஸ் ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி முழுவதும் கேட்டுவிட்டு, "அவுக பொய் சொல்லலைன்னு எனக்கு எப்பவுமே தெரியும்மா. ஒங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னுதான் அவுகளுக்கு வருத்தம்" என்றார். பிறகு சாப்பிடாமல் விடவில்லை. பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் உங்களை நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இப்போது எந்த டிரில்லர் ஆழம் சொன்னாலும், ராடு எத்தனை அடி என்று கேட்ட பிறகுதான் கீபோர்டில் கை வைக்கிறேன். அன்றைக்கு உங்களிடம் இதைக் கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. நேற்று ஒருவர் முகம் சுளித்தார்.

"என்னம்மா, எங்களை நம்ப மாட்டீங்களா?"

"ஒங்களை நம்புறேன்ணே. என்னையத்தான் நம்பல" என்றேன்.