கதவு தட்டுகிறவன், இரண்டாம் பாகம்

மசாகா
9 மார்ச் 2003

அன்புள்ள சலோங்கோவுக்கு,

இந்த அகால வேளையில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னியுங்கள். வாஸ்வா இப்போதுதான் கண் அசந்தான். கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. டாக்ஸி ஓட்டும் முகிபி விடியற்காலையில் கம்பாலா கிளம்புகிறான், அவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

நாங்கள் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை டீயும் சப்பாத்தியுமாக ஓட்டுகிறீர்களா? தொண்டைக்கு இஞ்சி போட்டுக் குடியுங்கள். டேப்பில் உங்கள் குரல் கம்மிக் கிடக்கிறது.

ஆம், டேப் வந்துவிட்டது. டுங்குவின் வீடியோ கொட்டகை வாசலில், ‘கதவு தட்டுகிறவன், இரண்டாம் பாகம், மொழிபெயர்ப்பு வீஜே செம்பாலா’ என்று கரிக்கட்டியால் எழுதிப் போட்டிருக்கிறான். நடிகர் பெயர் எங்கும் இல்லை. உங்கள் பெயர் மட்டும்தான், பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள்.

நானும் போனேன். ஊரே பார்த்துவிட்டுப் பேசும்போது, இங்கிலீஷ் படத்துக்கு நம் பேச்சில் குரல் கொடுக்கிற வீஜேயின் பெண்சாதி பார்க்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? வாஸ்வாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அதுதான் நான் செய்த தப்பு. அவனுக்கு அப்பாவின் குரலைக் கேட்க ஆசை. நீங்கள் வீட்டுக்கு வருவதில்லை, குரலாவது வருகிறதே என்று நினைத்தேன்.

படம் முடிந்ததும் கொட்டகை வாசலில் பெரிய சண்டை. சப்பாத்திக் கடை கசூம்பா, “மொதல் பாகந்தான்யா படம்! அதுல அந்த ஜந்து எங்கயோ நட்சத்திரத்துல சுரங்கத்துக்குள்ள கெடந்துச்சு. இதுல வீட்டு வாசலுக்கே வந்து தட்டுது. ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிக்கவே முடியல” என்றான். கரி விற்கிற ரொசெட்டின் அம்மா விடுவாளா? “போடா பயந்தாங்கொள்ளி! பாவம், வெளிய நின்னு குளிருதுன்னுதானே சொல்லுது. தெறந்துவிட்டா என்ன கொறஞ்சுபோகும்?” என்றாள். “தெறந்து பாரு, ஒன் கரி மூட்டையோட சேத்து முழுங்கிரும்” என்றான் இவன்.

அப்போது டுங்கு வந்து தீர்ப்பு சொன்னான். “ரெண்டு பேரும் சும்மா இருங்க. படம் இன்னும் முடியல. அந்த ஜந்து, காத்தோ, சாகல, பறந்துட்டான். வீஜே வாயாலயே சொல்லிட்டாரு. எங்க பறந்தான்னு மூணாம் பாகத்துலதான் தெரியும்.”

கூட்டத்தில் யாரோ, “மூணாம் பாகம் எதுக்கு? நேரா வீஜே வீட்டுக்குத்தான் பறந்திருப்பான்” என்றான். சிரிப்பு கிளம்பியது. பிறகு என்னைப் பார்த்துவிட்டார்கள். என் இடுப்பில் இருந்த வாஸ்வாவையும் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் பாகத்துக்கு நீங்கள் குரல் கொடுத்தபோது நம் இரட்டைப் பிள்ளைகள் தொட்டிலில் இருந்தார்கள், ஊர் நம்மைச் சலோங்கோ, நலோங்கோ என்று கூப்பிடத் தொடங்கிய புதிது. விளையாட்டாகத்தான் மனிதனுக்கு வாஸ்வா என்றும், அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு வரும் ஜந்துவுக்குக் காத்தோ என்றும் அவர்கள் பேரையே வைத்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று நம் காத்தோ வீட்டில் இருந்தான். போன மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகும் அந்தப் பெயரை எப்படி அப்படியே வைத்தீர்கள்?

இன்னொன்று கேட்க வேண்டும். கடைசிக் காட்சியில் அந்த ஜந்து உலைக்குள் விழுந்ததும் கதாநாயகி ஒரு வார்த்தை சொல்கிறாள். உங்கள் குரலுக்கு அடியில் அது மெல்லியதாகக் கேட்டது. கொட்டகையில் மற்றவர்களுக்குப் புரியாது. நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவள். ‘டெட்’ என்றாள் அவள். அதன் மேல் நீங்கள், “காத்தோ பறந்துட்டான்” என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றிலிருந்து வாஸ்வா பொழுது சாய்ந்தால் கதவருகே போய் உட்கார்ந்துகொள்கிறான். என்னடா என்றால், “காத்தோ தட்டுவான்மா. அப்பா சொன்னாரு” என்கிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

உங்கள்
நலோங்கோ


கம்பாலா
14 மார்ச் 2003

அன்புள்ள நலோங்கோ,

கடிதம் கிடைத்தது. முகிபி பாதிக் கதையை வாயாலேயே சொல்லிவிட்டான்.

கசூம்பாவின் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே கிசெனிப் பேட்டைக் கொட்டகைகளிலும் இதே கூத்துதான். ஒருவன் ஸ்டூடியோவுக்கே வந்து, “வீஜே, எம் பொண்டாட்டி கதவுக்குக் குறுக்க கட்டிலை இழுத்துப் போட்டுட்டா. நான் வேலை முடிஞ்சு வந்தாலும் தெறக்க மாட்டேங்கிறா. நீங்களே வந்து சமாதானம் சொல்லுங்க” என்கிறான். இன்னொருவன் படம் மகா அறுவை, உன் வாய்தான் காப்பாற்றியது என்கிறான். எல்லோரும் கேட்பது மூன்றாம் பாகம். அமெரிக்காக்காரன் எடுக்காவிட்டால் நானே குரலால் எடுத்துவிடுவேன் போலிருக்கிறது.

பெயரை மாற்ற முடியாது, நலோங்கோ. முதல் பாகம் பார்த்தவர்கள் பெஞ்சைத் தூக்கி அடிப்பார்கள்.

அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாததா? இரட்டையரில் ஒருவன் போனால் பறந்தான் என்றுதான் நம்மில் சொல்வது. மற்ற வார்த்தையைச் சொன்னால் இருக்கிறவன் காதில் விழும், அவனும் பின்னாலேயே போவான் என்பார்கள். அதை நம்புகிறேனா என்று கேட்காதே. மைக் முன்னால் உட்கார்ந்து, ‘செத்துட்டான்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். காத்தோ என்று சொன்ன பிறகு நாக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததைச் சொன்னேன்.

வேலை குறைந்ததும் வருகிறேன். வாஸ்வாவுக்குச் சட்டை அனுப்பியிருக்கிறேன், மஞ்சள் கோடு போட்டது. கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கு.

செம்பாலா


மசாகா
20 மார்ச் 2003

அன்புள்ள சலோங்கோவுக்கு,

இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்பன் என்ற உங்கள் பட்டத்தை இன்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். வாஸ்வா பத்திரமாக இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு சட்டைகள் இருந்தன. ஒரே கோடு, ஒரே அளவு. இரட்டையருக்கு எதைக் கொடுத்தாலும் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று கை பழகிப்போய் வாங்கினீர்களா, தெரிந்தே வாங்கினீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. நானும் இன்னும் இரண்டு தட்டுதான் எடுத்து வைக்கிறேன், பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன்.

வாஸ்வா ஒன்றைப் போட்டுக்கொண்டான். மற்றதை மடித்துக் கதவோரம் வைத்தான். “குளிருதுன்னு சொன்னான்ல” என்றான்.

நேற்று சாயங்காலம் கொல்லைப்பக்கம் மத்தோக்கே வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. பிள்ளை இல்லை, சட்டையும் இல்லை.

நான் கத்திய கத்தலில் கசூம்பா மாவுக் கையோடு ஓடி வந்தான். கொட்டகையில் படத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் டார்ச்சோடு இறங்கினார்கள். கீழே கோரைச் சதுப்பில்தான் அவனைக் கண்டுபிடித்தோம். தண்ணீர் மார்புக்கு ஏறியிருந்தது. ஒரு கையால் கோரையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அந்தச் சட்டையை நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றான். கொக்குகள் அடையும் இடம் அது. பறக்கிறவர்களெல்லாம் அங்கேதானே இறங்குகிறார்கள் என்று நினைத்துப் போயிருக்கிறான்.

இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

கசூம்பாதான் இறங்கித் தூக்கி வந்தான். ரொசெட்டின் அம்மா தன் துணியை அவிழ்த்து அவனைச் சுற்றினாள். “நான் ஒரு மடச்சி. கதவைத் தெறந்துவிடுன்னு சொன்னேனே நலோங்கோ, இந்த வாயைக் கொள்ளியால சுடணும்” என்று அழுதாள். அந்தக் கூட்டத்தில் யாருமே படத்தைப் பற்றிப் பேசவில்லை. டுங்கு டேப்பை வெளியே எடுத்துவிட்டானாம்.

நான் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். படம் பார்த்த அன்று நம் கதவில் ஏதோ முட்டியது. பக்கத்து வீட்டு ஆடு என்று பிறகு தெரிந்தது. ஆனால் தெரிவதற்கு முன்னால், என் கை தாழ்ப்பாளில் இருந்தது. தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அல்ல. திறக்க. படித்தவள் நான், சலோங்கோ. எனக்கே அப்படியென்றால் நாலு வயதுப் பிள்ளை என்ன செய்வான்?

இன்று அவனை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். நம் மொழியில் அந்த வார்த்தை எனக்கும் வரவில்லை. சொன்ன கையோடு இவனுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? ஆங்கிலத்தில் சொன்னால் அந்தத் தோஷம் ஒட்டாது என்று ஒரு அசட்டுத் தைரியம். படத்தில் வந்தது போலவே சொன்னேன். “காத்தோ டெட்” என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். “அது எந்த ஊரும்மா?” என்றான்.

ஊர் இல்லடா, அது ஒரு வார்த்தை என்றேன். அவன், கொட்டகையில் ஆங்கிலம் வரும்போதெல்லாம் ‘வீஜே சொல்லுவாரு’ என்று எல்லோரும் சொல்வது போலவே சொன்னான். “அப்பா வரட்டும். அப்பா நம்ம பேச்சுல சொல்லுவாரு.”

இப்போது தாழ்ப்பாளின் மேலே ஆணி அடித்து, அவன் கைக்கு எட்டாமல் கயிறு கட்டியிருக்கிறேன். அவன் கணுக்காலில் ஒரு துணியைக் கட்டி மறுநுனியை என் கையில் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். புரண்டு படுத்தாலும் எனக்குத் தெரியும். இப்படி எத்தனை நாள்?

டேப்பை அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள். அந்த வார்த்தையைச் சொல்வதா, வேறு எப்படிச் சொல்வதா என்று நாம் இருவரும் பேசி முடிவு செய்யலாம். எதைச் சொன்னாலும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி சொல்லுங்கள். நான் உங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொள்கிறேன். எனக்கும் அதை ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

என்று வருகிறீர்கள் என்று முகிபி கையிலேயே பதில் கொடுத்தனுப்புங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

நலோங்கோ