கலுங்கின் மேல் மறுபடியும் கல்

அன்பு மாப்பிள்ளை,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆறாது. நேற்றுக் காலையில் நான் கண்டது அப்படி.

முதலில் ஊர்ச் சேதி. புரட்டாசி முடிகிறது. போன கார்த்திகைப் புயலில் பட்டது போதுமென்று ஊரே இந்தத் தடவை முந்திக்கொண்டது. விதைநெல் எல்லார் வீட்டிலும் பரணுக்கு ஏறிவிட்டது. கூரைகளைப் பனைநார்க் கயிறு போட்டு இழுத்துக் கட்டியாகிவிட்டது. பரமக்குடிக்குப் போக வேண்டிய மிளகாய் வற்றல் மூட்டைகளை என் கடையில் பனங்கட்டை பரப்பி அதன் மேல் அடுக்கியிருக்கிறேன். பஞ்சாயத்து ரேடியோவில் புயல் என்று சொன்னால் உடனே மாடுகளை அவிழ்த்துவிடக்கூட ஆள் பேசி வைத்திருக்கிறோம். நீ இருந்திருந்தால், ஒரு வழியாக உங்களுக்குப் புத்தி வந்துவிட்டதா மச்சான் என்று நக்கலடித்திருப்பாய்.

வந்துவிட்டதென்றுதான் நானும் நம்பினேன்.

நேற்றுக் கண்மாய்க் கரைப் பக்கம் போனேன். கலுங்கைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேற முன்னோர்கள் விட்டுவைத்த வாய் அது. அதன் மேல் மறுபடியும் கல்லை அடுக்கி, வைக்கோலைத் திணித்து, களிமண் பூசியிருந்தது. போன வருஷம் அடைத்ததைவிட உயரம். வீட்டுக்கு வீடு கயிறு கட்டிவிட்டு, ஊர்த் தலைமாட்டில் வெள்ளத்தைப் பூட்டி வைப்பார்களா?

நம் ராமநாதபுரம் சீமையில் இது புதிதில்லைதான். வானம் பார்த்த மண். வந்த தண்ணீரில் ஒரு முழமாவது கூடுதலாக நிற்கட்டுமே என்று கலுங்கை அடைப்போம். போன வருஷமும் ஊரே சேர்ந்துதான் அடைத்தது. ஆனால் அந்தக் கல்லைப் பிடுங்கத்தானே மாப்பிள்ளை புயலுக்குள் நீ ஓடினாய்? கரை உடைந்தால் ஊர் போய்விடும் என்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாய்ப் புரட்டிவிட்டாய். கலுங்கு திறந்தது, கரை நின்றது. திறந்த வேகத்தில் தண்ணீர் உன்னையும் கொண்டுபோய்விட்டது. அதை ஒரு வருஷத்துக்குள் ஓர் ஊர் மறக்குமா?

வந்த ஆத்திரத்தில், எவனாக இருந்தாலும் கையை ஒடித்துவிடுவதென்று கரையில் இறங்கினேன். அங்கே குனிந்து களிமண் குழைத்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? என் தங்கச்சி. உன் பெண்டாட்டி.

தண்ணீர் கடைசியாக எட்டுகிற கடைமடைக்காரர்கள் சிலர் கல்லைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பூசுகிற வேலையை இவள் தனியாகச் செய்துகொண்டிருந்தாள்.

"நீயா தாயி?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "போன வருசம் அவுக கல்லைத் தள்ளிவிட்ட பெறகு கண்மாயில நின்ன தண்ணி நம்ம கடைமடைக்கு எட்டலண்ணே. கதிரு வாங்குற நேரத்துல பயிரு கருகிப்போச்சு. ஊருக்காகச் செத்தாகன்னு எல்லாரும் சொன்னாக. ஒரு மடை தண்ணி யாரு விட்டா? வெள்ளம் வந்தா ஊரோட போவோம். வராட்டி நானும் பிள்ளைகளுந்தானே பட்டினி கெடக்கணும்?"

என்னடா இது, இப்படியும் ஒரு பேச்சா என்று தோன்றியது. அவளைத் திட்டவும் முடியவில்லை. நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

என் வயல் தலைமடையில் இருப்பது உனக்குத் தெரியும். கண்மாய் மடை திறந்தால் தண்ணீர் பாய்ச்சுகிற முதல் முறை எனக்குத்தான். அந்த முறையைக் கடைமடைக்கு விட்டுத் தருகிறேன், கல்லை எடுத்துவிடு என்றேன். அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்க பயிரு காஞ்சா?"

"காயட்டும்."

மண் அப்பிய கையோடு அவளே முதல் கல்லைப் புரட்டினாள். அடுத்த கல்லில் கை வைத்தவள், அதைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். உன் சாவுக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. மிச்சக் கல்லையெல்லாம் நான்தான் எடுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை, ஊர் என்ன சொன்னாலும் சரி. உன் வயல் நனையாமல் இனி என் வயலுக்குத் தண்ணீர் பாயாது.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்